குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் மனச்சோர்வு மாத்திரை வேண்டாமா?

கேள்வி: என் தம்பி சில மாதங்களாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். முன்பிருந்தே வயிற்றுத் தொந்தரவும் உண்டு. "மனப்பிரச்சினை எல்லாமே குடலில்தான் தொடங்குகிறது, குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் மாத்திரையே வேண்டாம்" என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு புரோபயாடிக் வாங்கப் போகிறேன் என்கிறான். இதில் எவ்வளவு உண்மை?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். தம்பி தானாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு உணர்வு எல்லாம் வரலாம். அடங்கியிருந்த நோயும் திரும்பக் கிளம்பலாம். நிறுத்துவதென்றால் மருந்து எழுதிக் கொடுத்தவரோடு பேசி, அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா கலந்த மாத்திரையோ பொடியோ) எடுக்க ஆசைப்பட்டால், மாத்திரையோடு கூட எடுக்கலாமா என்று அவரிடம் கேட்கலாம். மாத்திரைக்குப் பதிலாக என்ற பேச்சு இப்போதைக்கு வேண்டாம்.

சரி, வீடியோவுக்கு வருவோம். அதில் சொன்னதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். குடலில் வாழும் பாக்டீரியாவால் மூளையின் வேலையை மாற்ற முடியும் என்பது நிரூபணமான விஷயம். ஆனால் எந்த நோயில் நிரூபணமாகியிருக்கிறது, எதில் இன்னும் எலியைத் தாண்டவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வீடியோக்கள் அதைச் செய்வதில்லை.

மனிதர்களிடம் இருக்கும் மிக உறுதியான சாட்சி கல்லீரல் வார்டில் கிடக்கிறது. நான் குடல், கல்லீரல் நோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவன். நாங்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. சிரோசிஸ் என்கிற கல்லீரல் சுருக்க நோய் இருக்கும் ஒருவரை வீட்டார் அழைத்து வருவார்கள். "ராத்திரி முழுக்க முழிச்சிருக்கார் டாக்டர், பகல்லே தூங்கறார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிறார். நேத்து என்னையே யாருன்னு கேட்டார்" என்பார் மனைவி. நோயாளியின் இரண்டு கைகளையும் நீட்டி, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தக் காட்டுவதுபோல் உள்ளங்கைகளை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்வோம். சில வினாடிகளுக்குள் மணிக்கட்டு தொய்ந்து விழும், மறுபடி எழும், மறுபடி விழும். நட்சத்திரம் வரையச் சொன்னால் கோடுகள் ஒன்றோடொன்று சேராது. அப்புறம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "எப்போ மோஷன் போனார்?" பல நேரம் வரும் பதில், "மூணு நாளாச்சு."

என்ன நடக்கிறது என்றால், பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியா புரதத்தையும் யூரியாவையும் உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. எல்லோருக்கும் உண்டாகிறது. குடலிலிருந்து போகும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகும். கல்லீரல் அந்த அம்மோனியாவைப் பிடித்து யூரியாவாக மாற்றிவிடும். கல்லீரல் கெட்டுப்போனவருக்கு இந்த வடிகட்டல் நடக்காமல் அம்மோனியா மூளை வரை போய்ச் சேர்கிறது. மலச்சிக்கல் வந்தால் பாக்டீரியாவுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது, நிலைமை இன்னும் மோசமாகிறது. தூக்கம் தலைகீழாவதும், குணம் மாறுவதும், ஆள் அடையாளம் தெரியாமல் போவதும், கடைசியில் கோமாவும் இதனால்தான்.

இதற்குக் கொடுக்கும் வைத்தியத்தைப் பாருங்கள். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி சிரப். அது குடலைப் புளிப்பாக்கி, அம்மோனியா ரத்தத்தில் ஏறாமல் தடுத்து, வெளியேற்றுகிறது. தினம் இரண்டு மூன்று முறை மலம் போகிற மாதிரி அளவைச் சரிசெய்வோம். கூடவே ரிஃபாக்சிமின் என்ற ஆன்டிபயாடிக். இது குடலைவிட்டு ரத்தத்துக்குள் போவதே மிகக் குறைவு. 2010-இல் வெளியான பெரிய பரிசோதனையில் 299 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஆறு மாதம் கவனித்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே லாக்டுலோஸ் எடுத்துக்கொண்டவர்கள். ரிஃபாக்சிமினும் சேர்த்து எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு மறுபடி இந்தக் குழப்பம் வந்தது. மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு வந்தது. மூளைக்கென்று ஒரு மருந்தும் இல்லை. குடலில் இருப்பவற்றைக் கட்டுப்படுத்தியதாலேயே நினைவு தெளிகிறது. மனைவியை யாரென்று கேட்டவர் ஓரிரு நாளில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை வார்டில் பார்க்கலாம்.

ஆக, "பாக்டீரியாவால் மூளையைத் தொட முடியுமா" என்ற கேள்விக்கு என் பதில், சந்தேகமே வேண்டாம், முடியும் என்பதுதான். ஆனால் கல்லீரல் நன்றாக இருக்கும் ஒரு இளைஞரின் மனச்சோர்வுக்கு இதை அப்படியே கொண்டுபோய்ப் பொருத்த முடியாது. அங்கே வேறு சாட்சிகளைத் தேட வேண்டும். அவற்றில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வந்தவை.

இந்தத் துறைக்குப் புது உயிர் வந்தது 2004-இல் என்று சொல்லலாம். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சுடோ குழுவினர், பிறந்ததிலிருந்து ஒரு கிருமியும் படாமல் வளர்த்த சுண்டெலிகளை நகர முடியாதபடி ஒரு மணி நேரம் அடைத்து வைத்தார்கள். சாதாரண எலிகளைவிட இவற்றின் ரத்தத்தில் அழுத்த ஹார்மோன் வெகுவாக ஏறியது. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபன்டிஸ் என்ற ஒரே ஒரு பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றியதும் அந்த மிகை அடங்கிவிட்டது. சாதாரண எலியின் மலத்தைக் கொடுத்தும் பார்த்தார்கள். சிறு வயதில் கொடுத்தபோது ஓரளவு சரியானது, வயது கடந்த பிறகு கொடுத்தால் பலனில்லை. எனக்கு இந்தக் கடைசித் தகவல்தான் முக்கியமாகப் படுகிறது. மூளை வளரும் பருவத்தில் குடலில் யார் இருக்கிறார்கள் என்பது கணக்கில் சேர்கிறது. அந்தக் காலக்கெடு தாண்டிவிட்டால் அதே சிகிச்சை அதே பலனைத் தருவதில்லை.

2011-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பெர்சிக், காலின்ஸ் குழுவினர் செய்தது இன்னும் சுவாரசியமானது. ஆய்வக எலிகளில் பயந்தாங்கொள்ளி வகை ஒன்று உண்டு, துணிச்சலான வகை ஒன்றும் உண்டு. சற்று உயரமான மேடையில் ஏற்றிவிட்டால் துணிச்சல் வகை உடனே இறங்கி சுற்றிப் பார்க்கப் போய்விடும். பயந்த வகை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து, பின்வாங்கி, நிமிடக்கணக்கில் தயங்கும். கிருமியற்று வளர்த்த எலிகளுக்கு எதிர்வகையின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். பயந்த வகைக்குத் துணிச்சல் கூடியது, துணிந்த வகை தயங்கியது. பயந்த எலிக்கு ஆன்டிபயாடிக்கை வாய்வழியாகக் கொடுத்தபோதும் குணம் கொஞ்ச நாளுக்கு மாறியது. அதே மருந்தை வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டால் மாறவில்லை. அதாவது மருந்து நேராக மூளையில் வேலை செய்து இப்படி ஆகவில்லை, குடல் பாக்டீரியா மாறியதால்தான் ஆனது.

அதே ஆண்டு அயர்லாந்தின் கார்க் நகரில் ஜான் கிரையன், டெட் டினான் ஆகியோரின் குழு, ஜேபி-1 என்ற லாக்டோபேசில்லஸ் வகையை எலிகளுக்குக் கொடுத்தது. பதற்றம் குறைந்தது. மூளையில் காபா என்ற அமைதிப்படுத்தும் வேதிப்பொருளுக்கான ஏற்பிகளும் மாறின. வேகஸ் நரம்பை வெட்டிவிட்டுக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. குடலையும் மூளையையும் இணைக்கும் பெரிய நரம்பு அது. அதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் வயிற்றிலிருந்து மேலே செய்தி கொண்டுபோகும் இழைகள். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் இந்த ஆய்வைக் கொண்டாடின.

பலரும் சொல்லாமல் விடும் மீதிக் கதை 2017-இல் நடந்தது. கார்க் குழுவே அதே ஜேபி-1-ஐ ஆரோக்கியமான 29 ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. மனநிலையிலும், பதற்றத்திலும், அழுத்த ஹார்மோனிலும், நினைவாற்றலிலும் வெற்று மாத்திரையைவிட ஒரு பலனும் கூடுதலாக இல்லை. தாங்களே கண்டுபிடித்துப் புகழ்பெற்ற ஒன்று மனிதனிடம் வேலை செய்யவில்லை என்பதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. எலியின் குடலில் நடப்பது உங்கள் தம்பியின் குடலில் நடக்கும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால், இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

எலி ஆய்வுகள் தங்களுக்குள்ளேயே முரண்படுவதும் உண்டு. கார்க்கில் வேகஸ் நரம்பு இல்லாமல் பலனில்லை, மெக்மாஸ்டர் ஆய்விலோ அந்த நரம்பை வெட்டியும் குணம் மாறத்தான் செய்தது. பாதை ஒன்றுக்கு மேற்பட்டது என்றுதான் இதற்குப் பொருள். பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும்போது பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. கிருமியற்ற எலிகளின் மூளையில் காவல் செல்கள் முதிராமலே கிடப்பதையும், இந்த அமிலங்களைக் குடிநீரில் கலந்து கொடுத்தால் அவை தேறுவதையும் ஜெர்மனியின் ஃபிரைபர்க் குழு 2015-இல் காட்டியது. குடல் சுவரின் நோயெதிர்ப்புச் செல்கள் கிளப்பிவிடும் அழற்சிப் பொருட்கள் இன்னொரு பாதை. காய்ச்சல் வந்தால் யாரோடும் பேசப் பிடிக்காமல் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறோமே, அதுவும் இப்படிப்பட்ட பொருட்கள் மூளையில் செய்யும் வேலைதான்.

செரட்டோனின் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகை வீடியோக்களில் தவறாமல் வருவது அதுதான். "மகிழ்ச்சி ஹார்மோனில் 90 சதவீதம் குடலில்தான் தயாராகிறது, ஆகவே மகிழ்ச்சி குடலில் இருக்கிறது" என்பார்கள். முதல் பாதி சரி. உடம்பின் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில்தான் உருவாகிறது. சில பாக்டீரியாக்கள் குடல் செல்களைத் தூண்டி அதைக் கூடுதலாகச் சுரக்க வைக்கின்றன என்று கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் எலெய்ன் சியாவ் குழு 2015-இல் எலிகளில் காட்டியதும் உண்மை. ஆனால் குடலில் உண்டான செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. மூளையைச் சுற்றியிருக்கும் தடுப்பு அதை விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. குடலில் இருப்பது குடலை அசைப்பதற்கும் அங்குள்ள நரம்புகளுக்குச் செய்தி சொல்வதற்கும் ஆனது. தம்பி எடுப்பது செரட்டோனின் சார்ந்த மாத்திரை என்றால், தொடங்கிய முதல் சில வாரங்களில் குமட்டலோ, மலம் இளகிப் போவதோ இருந்திருக்கலாம். அதற்குக் காரணமே இந்தக் குடல் செரட்டோனின்தான்.

இனி மனிதர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் கனமழையில் மாட்டுச் சாணம் கலந்த நீர் குடிநீர்க் கிணற்றில் இறங்கிவிட்டது. ஈ.கோலை, கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் தாக்கி சுமார் 2,300 பேர் படுத்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். ஊரையே ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த வயிற்றுப்போக்கில் தெளிவாகச் சிக்கியவர்களில் 36 சதவீதம் பேருக்கு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தும் எரிச்சல் குடல் நோய் இருந்தது. ஐ.பி.எஸ். என்று சொல்வோமே, அதுதான். சிக்காதவர்களில் 10 சதவீதம். எட்டு ஆண்டுகள் கழித்தும் யாருக்கு அது விடாமல் நின்றது என்று பார்த்தபோது, பெண்கள், வயதில் இளையவர்கள், நோயின்போது காய்ச்சல் கண்டவர்கள் இவர்களோடு, முன்பே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களும் பட்டியலில் வந்தார்கள். கிருமி குடலைத் தாக்கியது, ஆனால் குடல் எவ்வளவு காலம் தேறாமல் கிடந்தது என்பதில் மனதுக்கும் பங்கிருந்தது.

ஆஸ்திரேலியாவில் 12 ஆண்டுகள் மக்களைப் பின்தொடர்ந்த ஆய்வு இதை இரண்டு பக்கமும் காட்டியது. தொடக்கத்தில் வயிறு நன்றாக இருந்து மனதில் பதற்றம் இருந்தவர்களுக்குப் பின்னால் குடல் தொந்தரவு வந்தது. மனம் நன்றாக இருந்து குடல் தொந்தரவு இருந்தவர்களுக்குப் பின்னால் பதற்றமும் மனச்சோர்வும் கூடின. "எல்லாம் குடலில்தான் தொடங்குகிறது" என்பது பாதிப் பேருக்குப் பொருந்தாத பேச்சு. "எல்லாம் உன் மனப்பிரமை, வயிற்றில் ஒன்றுமில்லை" என்று நோயாளியை அனுப்பிவிடும் எங்கள் தொழிலின் பழைய வழக்கமும் அதே அளவு தவறு. அப்படி அனுப்பப்பட்டு, வலியோடு வெட்கத்தையும் சுமந்து திரிந்தவர்கள் எத்தனையோ பேர். எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

மனச்சோர்வு உள்ளவர்களின் குடல் பாக்டீரியா வேறுபடுகிறதா? வேறுபடுகிறது. பெல்ஜியத்தில் யெரூன் ராஸ் குழு 1,054 பேரைப் பரிசோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களிடம் காப்ரோகாக்கஸ், டயாலிஸ்டர் என்ற இரண்டு வகைகள் குறைந்திருந்தன. மாத்திரை எடுப்பதைக் கணக்கில் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. நல்ல ஆய்வு. ஆனால் அவை குறைந்ததால் மனம் சோர்ந்ததா, மனம் சோர்ந்தவர் சரியாகச் சாப்பிடாமல், நடக்காமல், தூங்காமல் இருந்ததால் அவை குறைந்தனவா என்று இது சொல்லாது.

இதை நான் வறட்டுச் சந்தேகமாகக் கிளப்பவில்லை. ஆட்டிசத்தில் நடந்ததைப் பாருங்கள். ஆட்டிசக் குழந்தைகளின் குடல் பாக்டீரியா வேறு மாதிரி இருக்கிறது, அதனால்தான் ஆட்டிசம் வருகிறது என்று வருடக்கணக்கில் பேசப்பட்டது. எத்தனையோ பெற்றோர் அதை நம்பிப் பணத்தை இறைத்தார்கள். 2021-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 247 குழந்தைகளின் மலத்தையும் உணவையும் சேர்த்து ஆராய்ந்தபோது, ஆட்டிசத்துக்கும் பாக்டீரியாவுக்கும் நேரடித் தொடர்பு மிகச் சொற்பமாகவே தென்பட்டது. அந்தக் குழந்தைகள் ஒருசில உணவுகளை மட்டுமே திரும்பத் திரும்பச் சாப்பிடுகிறார்கள், அதனால் பாக்டீரியா வகைகள் குறைகின்றன. அம்புக்குறி எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. மருந்துகளும் இப்படிக் குழப்பும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை 40 குடல் பாக்டீரியாக்கள் மேல் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். மனித உடலைக் குறிவைக்கும் மருந்துகளில் 24 சதவீதம், ஆன்டிபயாடிக்கே இல்லாதவை, ஏதாவது ஒரு பாக்டீரியாவையாவது வளரவிடாமல் தடுத்தன. மனநோய் மருந்துகள் அதில் தூக்கலாக இருந்தன.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு கொடுமை இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், டிரென்டன் அரசு மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர் 1907 முதல் 1930 வரை தலைமை மருத்துவராக இருந்தார். பைத்தியம் என்பது உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும் கிருமித் தொற்றின் விஷத்தால் வருவது என்று உறுதியாக நம்பினார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். டான்சிலை எடுத்தார். குணமாகவில்லை என்றால் பெருங்குடலையே அறுத்தெடுத்தார். எண்பத்தைந்து சதவீதம் பேர் குணமானதாகச் சொல்லிக்கொண்டார், பத்திரிகைகளும் பாராட்டின. குடல் அறுவை செய்யப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் செத்துப்போனார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து வந்து கணக்குகளைச் சரிபார்த்த ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவர் உண்மையைக் கண்டறிந்து எழுதியும், அந்த அறிக்கையை வெளியே விடவில்லை. காட்டன் தொடர்ந்து அறுத்தார். வேண்டாம் என்று சொல்லக்கூட வழியில்லாத மனிதர்கள் மேல் நடந்த கொடுமை அது. அவர் தொடங்கிய எண்ணம் முழுக்க அபத்தமும் இல்லை, குடலுக்கும் மனதுக்கும் தொடர்பு உண்டுதான். தொடர்பு இருக்கிறது என்பதிலிருந்து சிகிச்சை கிடைத்துவிட்டது என்பதற்கு அவர் ஒரே தாவாகத் தாவினார். இன்று அதே தாவலைச் செய்பவர்கள் கையில் கத்தி இல்லை, விலைப்பட்டியல் இருக்கிறது.

அப்படியென்றால் புரோபயாடிக்கில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, சிறிதாக. உங்கள் தம்பிக்கு நெருக்கமான ஆய்வு 2017-இல் மெக்மாஸ்டரில் நடந்தது. எரிச்சல் குடல் நோயோடு லேசான அல்லது நடுத்தரப் பதற்றமோ மனச்சோர்வோ இருந்த 44 பேருக்கு ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் வகையில் என்.சி.சி.3001 என்ற குறிப்பிட்ட ரகம், மீதிப் பேருக்கு வெற்றுப் பொடி. மனச்சோர்வு மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது முதல் குழுவில் 22-இல் 14 பேருக்கு, மற்றதில் 22-இல் 7 பேருக்கு. பதற்றம் குறையவில்லை. அச்சம் தரும் படங்களைப் பார்க்கும்போது மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா பகுதி துடிப்பது குறைந்ததை ஸ்கேனில் பார்த்தார்கள். நம்பிக்கை தரும் ஆய்வுதான். ஆனால் 44 பேர், ஆறு வாரம், அதற்குப் பண உதவி செய்தது அந்தப் பாக்டீரியாவை வைத்திருக்கும் உணவு நிறுவனம். இதை வைத்து நான் யாருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ரகத்தின் பெயருக்குப் பின்னால் எண் இருக்கிறது அல்லவா? ஒரு ரகத்துக்குக் கிடைத்த பலன் அதே இனத்தின் இன்னொரு ரகத்துக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மருந்துக்கடையில் "500 கோடி நல்ல பாக்டீரியா" என்று மட்டும் போட்டிருக்கும் பாக்கெட்டில் எந்த ரகம், அது எந்த நோய்க்குச் சோதிக்கப்பட்டது என்று தேடிப் பாருங்கள். பல நேரம் கிடைக்காது. "இயற்கையானதுதானே, கெடுதல் செய்யாது" என்ற எண்ணமும் வேண்டாம். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குக் குடல்வழியாகப் புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. கொடுக்கப்பட்டவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்கப்படாதவர்களில் 6 சதவீதம். அவர்கள் சாகக்கிடந்த நோயாளிகள், தம்பியின் நிலை வேறு, ஆரோக்கியமானவருக்குப் பொதுவாக ஆபத்தில்லை. ஆனாலும் உயிருள்ள ஒன்றை விழுங்குகிறோம் என்ற கவனம் வேண்டும். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் மல மாற்றுச் சிகிச்சையை வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்லும் வீடியோக்களும் உலவுகின்றன. மருத்துவமனையில் செய்தபோதே, தானமாக வந்த மலத்திலிருந்த ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஈ.கோலையால் அமெரிக்காவில் ஒருவர் இறந்தார், 2019-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

உணவு விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுள்ள 67 பேரில் ஒரு பகுதியினருக்கு உணவு ஆலோசகர் உதவியோடு காய், பழம், பயறு, முழுதானியம், மீன், ஆலிவ் எண்ணெய் சார்ந்த உணவுமுறையை 12 வாரம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதே அளவு நேரம் பேச்சுத்துணை. உணவு மாற்றியவர்களில் 32 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு விலகியது, மற்றவர்களில் 8 சதவீதம். பெரும்பாலோர் ஏற்கெனவே எடுத்த மருந்தையோ ஆலோசனையையோ தொடர்ந்துகொண்டேதான் இதைச் செய்தார்கள் என்பதைத் தம்பிக்குச் சொல்லுங்கள். எந்தக் குழுவில் இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதால் நம்பிக்கையின் பலனும் இதில் கலந்திருக்கும். பலன் பாக்டீரியா வழியாகத்தான் வந்தது என்றும் இந்த ஆய்வு காட்டவில்லை. ஆனாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லாத மாற்றம் இது.

நம் வீட்டு உணவைப் பற்றிப் பலர் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். இட்லி மாவு புளிப்பது பாக்டீரியாவால்தான். ஆனால் ஆவியில் வேகும்போது அவை செத்துவிடும், ஆகவே இட்லியைப் புரோபயாடிக் என்று சொல்வது சரியில்லை. எளிதில் செரிக்கும் நல்ல உணவு, அவ்வளவுதான். தயிர், மோர், பழைய சோற்றில் உயிருள்ள பாக்டீரியா இருக்கும். வடித்து ஆறிய சோற்றில் நம்மால் செரிக்க முடியாத மாவுச்சத்தும் கொஞ்சம் கூடுகிறது, அது பெருங்குடல் பாக்டீரியாவுக்குத் தீனி. இவை மனச்சோர்வைக் குணப்படுத்தும் என்று நான் சொல்லவில்லை. தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற புளித்த உணவுகளைப் பத்து வாரம் கூட்டிக்கொண்டவர்களுக்குக் குடல் பாக்டீரியா வகைகள் பெருகி, ரத்தத்தில் அழற்சிப் பொருட்கள் குறைந்ததை ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தார்கள். அதற்கு மேல் இப்போதைக்கு நீட்ட வேண்டாம். எரிச்சல் குடல் உள்ள சிலருக்குப் பயறும் பாலும் திடீரென்று கூட்டினால் வயிறு ஊதிக்கொள்ளும், தம்பி மெதுவாகக் கூட்டட்டும்.

கடைசியாக, அவருடைய வயிற்றுத் தொந்தரவைத் தனியாகக் காட்டுங்கள். மனநல மருத்துவரிடம் வயிற்றைப் பற்றியும், வயிற்று மருத்துவரிடம் மனச்சோர்வு மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் இரண்டையும் மறைக்கிறார்கள். மனச்சோர்வு மாத்திரைகளில் சில மலச்சிக்கலைத் தரும், சில இளக்கும். எரிச்சல் குடல் நோய்க்கே குறைந்த அளவில் நாங்கள் எழுதித் தருபவையும் அவற்றில் உண்டு. ஆகவே தம்பியின் வயிறு எந்தப் பக்கம் தொந்தரவு தருகிறது என்று தெரிந்தால், இரண்டுக்கும் பொருந்துகிற மருந்தாக மாற்றித்தரக்கூட வாய்ப்பிருக்கிறது. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை இதில் எது இருந்தாலும் புரோபயாடிக் வாங்கி நாளைக் கடத்தாமல் இந்த வாரமே வயிற்று மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற மாதிரி ஏதாவது அவர் பேசினால், அடுத்த சந்திப்புத் தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.